பாய்க்கு அடியில் ஓட்டை

அந்த ஆள் பலகைகளை எண்ணிக்கொண்டே வந்தார்.

"இருபத்தெட்டு... இருபத்தொன்பது..."

மஸ்னா சட்டென்று தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் குனிந்துகொண்டாள். தலையில் தொப்பி, தோளில் கறுப்புப் பை, கையில் சின்ன நோட்டு, இடுப்பில் அளவு நாடா. சந்தேகப்பட இவ்வளவு போதாதா? அளவு நாடாவோடு வந்த ஆள் நல்லது செய்ததாக அவர்கள் தெருவில் சரித்திரமே கிடையாது.

அவர்கள் தெருவில் மண் என்பதே இல்லை. பாரித்தோ ஆற்றின் கிளைக் கால்வாய் மேல் நாற்பத்திரண்டு வீடுகள், எல்லாம் மரத்தூண்களின் மேல் நின்றன. கடைக்குப் போக, பள்ளிக்கூடம் போக, பக்கத்து வீட்டில் உப்பு வாங்க, எல்லாவற்றுக்கும் ஒரே பலகைப் பாதைதான்.

போன வருஷம் அக்கரைக்கும் இப்படித்தான் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். "அடடா, பலகையெல்லாம் உளுத்துப் போச்சே!" என்று ரொம்பவும் வருத்தப்பட்டார். இரண்டே மாதத்தில், 'இது மனிதர்கள் வசிக்கத் தகுந்த இடம் இல்லை' என்று சொல்லி எட்டு வீடுகளைக் காலி செய்ய வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இக்கரைக்காரர்களுக்கு அளவு நாடாவைப் பார்த்தாலே பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா?

அதனால் அந்த ஆள் தெருவுக்குள் பத்தடி வைப்பதற்குள் செய்தி கடைசி வீடுவரை பறந்துவிட்டது. ஒரு வீட்டுக்காரர் உடைந்த பலகை மேல் துணி துவைக்கும் தொட்டியை வைத்தார். இன்னொருவர் கோழிக்கூண்டை இழுத்துப் போட்டார். அச்சில் ருஸ்மி தன் வாழைப்பழ பஜ்ஜித் தட்டோடு பெஞ்சை நகர்த்தி, வாசலில் இற்றுப்போயிருந்த பலகையை மறைத்தார். தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் அச்சில்தான், அதாவது அத்தை மாதிரி. படகு எஞ்சின் பழுது பார்க்கும் அமாங் பஸ்ரியோ தெருவிலேயே பெரிய ஓட்டையின் மேல் ஒரு பாயை விரித்தார். பாயின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து பலாப்பழம் உரிக்க ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு மாமா முறையான அவர் பலாப்பழம் உரித்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத் தெருவே கூடிச் செய்தது.

அந்த ஆள் முதலில் அச்சில் ருஸ்மியிடம் நின்றார்.

"இந்தப் பாதை எப்படி இருக்கு, அச்சில்?"

"அதுக்கென்ன, அம்சமா இருக்கு."

"யாராவது தவறி விழுந்திருக்காங்களா?"

"விழறதா? இங்கயா? எங்க தெருவுல பூனைகூட விழுந்ததில்ல. இந்தாங்க, டீ குடிங்க."

"வேண்டாம் அச்சில்."

அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். அச்சில் ருஸ்மி பீப்பாய்ப் பக்கம் சாய்ந்து மஸ்னாவிடம் கிசுகிசுத்தார். "டீகூடக் குடிக்கல பாத்தியா? நம்ம வீட்டு டீ உள்ள போச்சுன்னா நமக்குக் கெடுதல் செய்ய மனசு வராதுல்ல, அதான்!"

மஸ்னாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பூனைபோல் அந்த ஆளின் பின்னாலேயே போனாள்.

அவர் அமாங் பஸ்ரியின் பாய்க்கு முன்னால் நின்றார். "முப்பத்தொண்ணு," என்று முணுமுணுத்தார். பிறகு, "கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா அமாங்? பாய்க்கு அடியில பார்க்கணும்," என்றார்.

"முட்டி வலி, பாக்," என்று 'ஐயா' போட்டுச் சொன்னார் அமாங் பஸ்ரி. " உக்காந்தா எந்திரிக்க முடியாது. மூணு வருஷமா இப்படித்தான்."

"மூணு வருஷமா இங்கயேவா உக்காந்திருக்கீங்க?"

"நடுவுல சாப்பிடப் போவேன்," என்றார் அமாங் பஸ்ரி, கொஞ்சமும் சிரிக்காமல்.

அந்த ஆள் பெருமூச்சு விட்டார். திரும்பி நடந்து, பலகைப் பாதை சாலையில் முடிகிற இடத்தில் போய் உட்கார்ந்தார். பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்தார். மஸ்னா ஒரு தூணின் மறைவிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுடைய கையெழுத்து!

நாலு மாதத்துக்கு முன்னால், பலகைப் பாதையைச் சரிசெய்ய நகராட்சியின் தெரு மேம்பாட்டு நிதியிலிருந்து உதவி கேட்டு அவர்கள் தெரு விண்ணப்பம் போட்டது. தெருத் தலைவர் பாக் ஹம்டியின் எழுத்து நண்டு ஊர்ந்த சேறு மாதிரி இருக்கும். அதனால் ஆறாம் வகுப்பில் அழகாக எழுதும் மஸ்னாவைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள். 'பழுதின் விவரம்' என்ற இடத்தில் அவள் பாதை முழுவதையும் படமாக வரைந்தாள். சாலையிலிருந்து ஒவ்வொரு பலகைக்கும் எண் போட்டு, உடைந்த பதினேழையும் கறுப்பாகத் தீட்டினாள்.

முப்பத்தொன்றாம் பலகைக்குக் கீழே, தண்ணீரில் ஒரு பெண் நிற்பதாகவும் அவள் முதுகில் ஒரு பையன் அழுவதாகவும் வரைந்தாள். 'இது நானும் என் தம்பி அனாங்கும்' என்று எழுதினாள். அது நடந்த கதை.

அனாங்குக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு கால் பலமில்லை. சமதரையில் கோலை ஊன்றி மெதுவாக நடப்பான். ஆனால் ஓட்டைப் பலகைகளில் கோல் உள்ளே போய்விடும். அதனால் பாலர் வகுப்புக்கு மஸ்னாதான் அவனைத் தினமும் முதுகில் சுமந்து போனாள். அவனும் வஞ்சகமில்லாமல் வளர்ந்துகொண்டே போனான். அன்றைக்கு இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்த பிறகு அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். "பாதை சரியானா ஜூலையில ஒண்ணாம் வகுப்பு. இல்லேன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அனாங் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மஸ்னாவும்தான். விண்ணப்பமோ கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. இப்போது அது ஒரு முன்பின் தெரியாத ஆளின் கையில்!

மஸ்னா அச்சில் ருஸ்மியிடம் ஓடினாள். "அச்சில், அவரு நம்ம விண்ணப்பத்துக்காகத்தான் வந்திருக்காரு!"

"போடி! நிதி குடுக்கறவங்கன்னா யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு, பாக் ஹம்டிய முன்னால விட்டுட்டுப் பத்துப் பேரா வருவாங்க. ஒரு தட்டு பஜ்ஜி காலியாகும். பாக் ஹம்டி மேலாத்துப் பக்கம் கல்யாணத்துக்குப் போயிருக்கற நாளாப் பாத்து இவரு ஒத்தையா வந்திருக்காரு. டீயும் குடிக்கல."

"நான் வரைஞ்ச படம் அவரு கையில இருக்கு."

"அப்ப திருடியிருப்பாரு!"

இதற்கு மேல் என்ன சொல்ல? மஸ்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக அந்த ஆளிடமே போனாள்.

"பாக், நீங்க யாரு?"

அவர் அடையாள அட்டையைக் காட்டினார். பெயர் ஜர்காசி. நகராட்சியில் வேலை.

"அந்தப் படம் நான் வரைஞ்சது," என்றாள் மஸ்னா.

"நீயா?" பாக் ஜர்காசி அவளை மேலும் கீழும் பார்த்தார். அவர் பார்வையிலும் சந்தேகம்தான். "போன வாரம் ஒரு தெருவுக்கு முன்கூட்டியே சொல்லிட்டு, யூனிஃபார்ம் போட்டுட்டுப் போனேன். நல்ல பலகைய அவங்களே பேத்துட்டு, ஓட்டை ஓட்டைன்னு காட்டினாங்க. ஆணி பிடுங்கின தடம்கூட அப்படியே புதுசா இருந்துச்சு. அதான் இங்க சொல்லாம வந்தேன். இங்க என்னடான்னா காகிதத்துல பதினேழு ஓட்டை, வாயில ஒண்ணுகூட இல்ல. நான் எதைம்மா நம்புறது?"

"காகிதத்துல இருக்கறதுதான் நிஜம், பாக்."

"அப்ப அவங்க எல்லாரும் பொய் சொல்றாங்களா?"

தினமும் காலையில் அனாங்கின் கையில் சூடாக ஒரு பஜ்ஜியை வைக்கும் அச்சில் ருஸ்மியை, வெளியாள் முன்னால் பொய்க்காரி என்று மஸ்னா எப்படிச் சொல்வாள்? சொல்லாவிட்டால் அனாங்குக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை.

"நாளைக்கு அறிக்கை குடுக்கணும்," என்று பாக் ஜர்காசி காகிதத்தை மடித்தார். "இதுதான் கடைசித் தெரு."

"அஞ்சே நிமிஷம் இருங்க பாக்! நீங்க யாரையும் ஒண்ணும் கேக்க வேண்டாம். பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

மஸ்னா வீட்டுக்கு ஓடினாள். வாசலில் படகு பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருந்த அனாங்கின் முன்னால் குனிந்தாள். "ஏறு."

"இன்னிக்குத்தான் பரீட்சை லீவாச்சே, கா மஸ்னா?" அக்காவை அவன் 'கா' என்றுதான் கூப்பிடுவான்.

"ஏறுடா!"

தினமும் காலையில் மஸ்னா தம்பியைச் சுமந்து நடக்கும்போது தெரு சும்மா இருக்காது. "இடது பக்கம் போ!", "ஆணி இருக்கு, பாத்து!" என்று வாசலுக்கு வாசல் குரல் வரும். பல் தேய்த்துக்கொண்டே கத்துவார்கள். அது தெருவின் பழக்கம்.

இன்றைக்குத் தெரு வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தது. பாதையின் முனையில் அளவு நாடாக்காரர் நின்று பார்க்கிறாரே!

மஸ்னா துவைக்கும் தொட்டியைச் சுற்றிக்கொண்டு ஓரமாகக் கால் வைத்தாள். தொட்டிக்காரர் கையைப் பிசைந்தார். கோழிக்கூண்டுக்குப் பக்கத்துப் பலகை 'கிறீச்' என்றது. கூண்டுக்காரம்மாவின் தொண்டை வரை ஒரு சத்தம் வந்துவிட்டு உள்ளே போனது.

அடுத்தது முப்பத்தொன்று. பாயின் ஓரத்தில் அமாங் பஸ்ரி. மீதிப் பாய் காலியாக, அழகாக, தரைபோலவே விரிந்து கிடந்தது. மஸ்னா குனிந்து பார்க்கவில்லை. நேராகப் பார்த்தபடி, அந்தக் காலி இடத்தை நோக்கிக் காலைத் தூக்கினாள்.

அவள் மிதித்திருக்க மாட்டாள். அது அவளுக்குத் தெரியும். அமாங் பஸ்ரிக்குத் தெரியாதே!

"மிதிக்காத! ஓட்டை! ஓட்டை!"

மூணு வருஷ முட்டி வலிக்காரர் வில்லிலிருந்து விட்ட அம்பாக எழுந்து அக்காவையும் தம்பியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அவர் எழுந்ததும் பாய் மடங்கி, பலாச்சுளைகளோடு சேர்ந்து 'தொபுக்' என்று தண்ணீரில் விழுந்தது.

"இடது பக்கமா வாடி!" என்று அலறிக்கொண்டே அச்சில் ருஸ்மி பெஞ்சைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார். "என் வாசல்லயும் கால வைக்காத, அதுவும் இத்துப் போச்சு!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பாக் ஜர்காசி மெதுவாக நடந்து வந்தார். ஓட்டை வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். பாய் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

"முப்பத்தொண்ணு," என்று எழுதிக்கொண்டார். "முட்டி வலி எப்படி இருக்கு, அமாங்?"

"இப்பதான் பாக்... விட்டுச்சு."

"ஏன் இப்படி மறைச்சீங்க?"

அமாங் பஸ்ரிதான் முன்னால் வந்து சொன்னார். "அக்கரையில இப்படித்தான் உளுத்துப் போச்சுன்னு சொல்லிக் காலி பண்ண வச்சாங்க. எங்களுக்கு வேற போக்கிடம் இல்ல, பாக்."

"நான் வந்தது காலி பண்ண இல்ல, அமாங். சரி பண்ண."

அச்சில் ருஸ்மி அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார். அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "படத்துல மூக்கு இவ்வளவு பெருசா இல்லையே?"

"வயசாயிடுச்சு, அச்சில்."

"அப்ப டீ ஏன் குடிக்கல?"

"இன்னிக்குத் திங்கட்கிழமை. திங்களும் வியாழனும் நான் நோன்பு."

அச்சில் ருஸ்மியின் முகம் விழுந்துவிட்டது. பத்து பஜ்ஜிகளைப் பொட்டலம் கட்டி, சாயங்காலம் நோன்பு திறக்க என்று அவர் பைக்குள் திணித்தார். காசு கொடுக்கப் போனவரை முறைத்த முறைப்பில் அவர் கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் வேடிக்கை. "எங்க வீட்டு முன்னால வந்து பாருங்க!", "அதைவிட எங்களுது மோசம்!", "என்னோடத மொதல்ல எழுதுங்க!" என்று தெருவே சண்டைக்கு நின்றது. பாக் ஜர்காசி ஒவ்வொரு ஓட்டையிலும் நாடாவை விட்டு அளந்து, மஸ்னாவின் படத்தில் குறி போட்டுக்கொண்டே போனார். கடைசியில் நிமிர்ந்தார்.

"பதினேழு இல்லம்மா, பத்தொம்பது இருக்கு."

"நாலு மாசம் ஆச்சுல்ல, பாக்," என்றாள் மஸ்னா.

ஜூன் மாதம் படகில் பலகைகள் வந்து இறங்கின. அச்சில் ருஸ்மி அப்போதும் நம்பாமல் ஒவ்வொரு பலகையையும் தட்டித் தட்டிப் பார்த்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தெருவே கூடி ஆணி அடித்தது.

ஜூலையில் பள்ளி திறந்த முதல் நாள், அனாங் புதுச் சட்டையோடு வாசலில் நின்றான். மஸ்னா பழக்கத்தில் குனிந்தாள்.

"வேணாம்," என்றான் அவன்.

அவன் கோலை ஊன்றி ஊன்றி நடந்தான். ஐந்து நிமிஷத்தில் போகிற தூரத்துக்கு அரைமணி நேரம் ஆனது. இரண்டு இடங்களில் உட்கார்ந்தான். மஸ்னா பின்னாலேயே வந்தாள். முதுகு வெறுமையாக இருந்தது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. அழுகை வேறு வந்தது, சிரிப்பும் வந்தது. பள்ளி மணி அடித்து வெகுநேரம் ஆகிவிட்டது.

ஒன்றாம் வகுப்பு வாசலில் இபு குரு, அதாவது டீச்சர், இடுப்பில் கை வைத்து நின்றார். "முதல் நாளே இவ்வளவு லேட்டா? ஏன்?"

மஸ்னா காரணம் சொல்ல வாயெடுப்பதற்குள் அனாங் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான்.

"நான் நடந்து வந்தேன், இபு குரு!"