இரண்டு கார், ஒரு கிழட்டு பேட்டரி

என் தம்பி பிரகாசத்துக்கு உடம்பு சின்னது, வாய் பெரியது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கார் ரேஸ் என்று எங்கள் தீவின் ஜங்லிகாட் பேட்டை முழுக்கச் சொல்லி வைத்துவிட்டான்.

கப்பலில் வேலை பார்க்கும் எங்கள் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த விளையாட்டு அது. வளைந்து வளைந்து போகும் பாதை, நடுவில் ஒரு பாலம், ஓரத்தில் குட்டி விளக்குகள், முன்னால் பல்பு எரியும் இரண்டு கார்கள். கையிலுள்ள விசையை அழுத்தினால் கார் பறக்குமாம். பெட்டியின் மேலிருந்த படத்தில் பறந்தது.

எங்கள் வீட்டில் பறக்கவில்லை. வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. அப்பாவின் பட்டறையில் லாரிக்கு ஆகாது என்று ஒதுக்கிய கிழட்டு பேட்டரி ஒன்றுதான் இருந்தது. அதில் இணைத்தால், இரண்டு கார்களும் பாலம் வரை போய் முனகிக்கொண்டு நின்றன.

"ஞானக்கா, பில்குல் ஓடமாட்டேங்குது, சுத்தமா நின்னு போச்சு. ஏதாவது பண்ணு," என்றான் பிரகாசம்.

ஊரைக் கூட்டுவது அவன், பாடுபடுவது நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கார் ஓடாவிட்டால் எல்லோரும் அவனைப் புளுகன் என்பார்கள். முக்கியமாக அடுத்த வீட்டு உதயசூரியன். அவன் பட்டப்பெயர் வைத்தால் லேசில் போகாது. எனக்கு வைத்ததை இங்கே சொல்லப்போவதில்லை.

கார் திணறும்போதெல்லாம் விளக்குகளும் மங்கின. இருக்கிற கொஞ்சம் கரண்டை எல்லாம் பங்கு போட்டுக்கொண்டால் காருக்கு என்ன மிஞ்சும்? ஓர விளக்குகளைக் கழற்றினேன். பிரகாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். காரின் பல்புகளைக் கழற்றினேன். மூக்கை உறிஞ்சினான். பாலத்தையும் எடுத்துவிட்டுப் பாதையைத் தரையோடு சேர்த்தேன்.

"இது ரேஸா? பேசாம மாட்டு வண்டி ஓட்டலாம்," என்றான்.

இப்போது ஒரு கார் ஜோராக ஓடியது. இரண்டையும் விட்டால் மறுபடி முனகல். அதற்குள் வங்காளி, தெலுங்கு, மலையாளப் பிள்ளைகள் என்று வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஒத்தைக் காரு யாரோட ரேஸ் போகும்?" என்று சிரித்தான் உதயசூரியன்.

தம்பி என்னைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஒவ்வொருத்தரா ஓட்டுங்க. மத்தவங்க எண்ணணும். குறைஞ்ச எண்ணிக்கையில சுத்தி வர்றவங்க ஜெயிச்சாங்க," என்றேன்.

அதிலும் தகராறு. தெலுங்குப் பிள்ளைகள் படபடவென்று எண்ணினார்கள், வங்காளிகள் இழுத்தார்கள். தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில் எல்லோருக்கும் தெரிந்த ஹிந்தியில் சேர்ந்து எண்ணுவது என்று முடிவானது. ஏக், தோ, தீன் என்று வீடு அதிர்ந்தது. அவசரப்பட்டு அழுத்தியவர்களின் கார் வளைவில் குப்புற விழுந்தது. அதைப் பார்க்கவே மறுபடி ஓட்டச் சொன்னார்கள். உதயசூரியன் 'அட்டாரா'வில், அதாவது பதினெட்டில் முடித்து முதலிடத்தில் நின்றான்.

கடைசியாகப் பிரகாசம். பாதிச் சுற்றில் பேட்டரி ஓயத் தொடங்கியது. கார் ஊர்ந்தது. எண்ணிக்கை பதினேழை எட்டியபோது, எல்லைக் கோட்டுக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. தம்பியின் உதடு துடித்தது.

"சத்... ராஆஆ..." என்று அந்தப் பதினேழை இழுத்தான் ஒருவன். திரும்பிப் பார்த்தேன். உதயசூரியன்!

நாங்களும் சேர்ந்து இழுத்தோம். மூச்சு முட்டியது, கண் பிதுங்கியது. கார் நகர்ந்து நகர்ந்து கோட்டைத் தொடும்வரை அந்தப் பதினேழு முடியவே இல்லை.