பெயர் இருக்கிறது, பக்கம் இல்லை

அம்மா எழுதியதை மகனே அழித்துவிட்டான் என்ற புகாரோடு லோதி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினார் ராஜசேகரன். அங்கே அலுவலகம் வைத்திருந்த துப்பறிவாளர் மதியழகன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

மனைவி இந்திராணி ஓர் இலவச இணையதளத்தில் எழுதிவந்தவள். தளத்தை மூடப்போகிறார்கள் என்றதும் தன் பக்கங்களையெல்லாம் கணினியில் சேமித்தாள். அந்தக் கோடையிலேயே இறந்தும் போனாள். தீபாவளிக்கு வந்த மகன் சிவகுமார் கணினியில் வைரஸ் நீக்கிக் கொடுத்தான். அதன் பிறகு பாதிப் பக்கங்கள் திறக்கவில்லை. ராஜசேகரன் போனில் கத்தினார். மகன் பேசுவதை நிறுத்திவிட்டான். கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் இப்போது டிவி மட்டும் பேசுகிறது.

மதியழகனும் உதவியாளர் ராஜியும் வந்து பார்த்தார்கள். பட்டியலில் எல்லாப் பெயர்களும் இருந்தன. 'மிளகு ரசம்' திறந்தது. நீளமான தலைப்புகளைத் தொட்டால் மட்டும் கோப்பைக் காணோம் என்றது கணினி.

"பேரை விட்டுட்டு உள்ளே இருக்கறதைத் துடைச்சிருக்கான். கில்லாடி சார்," என்றாள் ராஜி.

"அழிக்கிறவன் தலைப்பை அளந்து பார்த்தா அழிப்பான்?" என்ற மதியழகன் ராஜசேகரனிடம் திரும்பினார். "இந்த ஃபோல்டருக்குப் பேர் வச்சது யாரு?"

"நான்தான். சிவா போனப்புறம். அவ வெறும் 'பக்கங்கள்'னு வச்சிருந்தா. முறையா இருக்கட்டுமேன்னு..."

'காலஞ்சென்ற திருமதி இந்திராணி ராஜசேகரன் அவர்கள் இணையத்தில் எழுதிய பக்கங்களைத் தொகுத்துப் பாதுகாத்து வைத்தல் தொடர்பாக.' காலமெல்லாம் அரசாங்கக் கோப்புகளுக்குப் 'பொருள்:' என்ற வரியை எழுதிய கை.

"பக்கத்தைச் சேமிச்சா அதோட தலைப்பே கோப்புக்குப் பேராயிடும் சார்," என்றார் மதியழகன். "ஆனா கணினி அதை மட்டும் படிக்காது. டிரைவ்ல ஆரம்பிச்சு, ஃபோல்டர் பேரையும் சேர்த்து, ஒரே முகவரியாப் படிக்கும். அதுக்கு எல்லை சுமார் இருநூத்தறுபது எழுத்து. தமிழ்ல கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக் கணக்காகும். அவங்க தலைப்பும் நீளம், உங்க பேரும் நீளம். ரெண்டும் சேர்ந்து எல்லையைத் தாண்டிடுச்சு. எதுவும் அழியலை. போய்ச்சேரத்தான் வழியில்லை."

"அப்ப சிவா?"

"அவர் தொடவே இல்லை. சின்னதா ஒரு பேர் வையுங்க."

நீண்ட பெயரை அழித்துவிட்டு, ராஜசேகரன் 'இந்து' என்று அடித்தார். அதுவரை திறக்காத பக்கம் ஒன்று திறந்தது: 'அவர் ஆபீஸுக்கும் பிள்ளை ஸ்கூலுக்கும் போன பிறகு சாயங்காலம் வரை யாரோடும் பேசாமல் இருக்க இந்த வீட்டில் நான் பழகிக்கொண்ட விதம்'.

ராஜி ஏதோ சொல்ல வந்தாள். மதியழகன் அவளை அழைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறினார்.

ராஜசேகரன் மயூர் விஹாருக்குப் போன் போட்டார். "என்ன?" என்றது மகனின் குரல்.

"எல்லாம் இருக்குடா. தப்பு என்னுது." திரையில் இருந்த தலைப்பை மெல்லப் படித்தார்.

மறுமுனையில் போனை வைக்கவில்லை.

"அடுத்த வரியைப் படிங்கப்பா," என்றான் சிவகுமார்.