தொட்டியில் மிதந்த மெத்தை

"அக்கா… இது முங்கவே மாட்டேங்குதுக்கா!"

கொல்லைப்புறத்திலிருந்து வந்த குரலைக் கேட்டதும் ஜெயசித்ரா தோசைக்கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அந்த வீட்டில் யாரும் கனவில்கூடச் செய்யத் துணியாத காரியம் அங்கே நடந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள் பிரிஸ்கில்லா. அவள் காலடியில், சோப்பு நுரைக்கு நடுவே, மாமியார் இசக்கியம்மாளின் இலவம்பஞ்சு மெத்தை மிதந்துகொண்டிருந்தது!

"ஒரு பக்கம் மிதிச்சா மறுபக்கம் எந்திரிக்குக்கா. நீங்களும் ஏறுங்க, ரெண்டு பேருமா மிதிப்போம்!" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

சிரிக்கிற வயசுதான். பட்டாளத்தில் இருக்கும் கொழுந்தன் சதீஷ், தளவாய்புரத்துப் பெண்ணை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. லீவு முடிந்து அவன் ஜம்முவுக்கு ரயிலேறியபோது, "மதினி, இவளை உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று கண் கலங்கினான். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் என்று மாமியாருக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். "புரட்டாசி முடியட்டும் பாப்போம். இந்த வீட்டுக்கு ஒத்து வரலைன்னா அவ ஆத்தா வீட்டுலயே இருக்கட்டும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள். இசக்கியம்மாள் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

புரட்டாசி பிறக்குமுன் வீட்டில் உள்ள போர்வை, ஜமுக்காளம், தலையணை உறை அத்தனையும் துவைத்துக் காயப்போட்டாக வேண்டும். முந்தின நாள் அதில் பாதியை மருமகள்கள் இருவரும் முடித்திருந்தார்கள். மீதியை, மாமியார் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் தானே முடித்து நல்ல பேர் வாங்கலாம் என்று நினைத்திருக்கிறது இந்தப் பிள்ளை!

"ஏட்டி… மெத்தையப் போயி யாராவது தண்ணிக்குள்ள போடுவாகளா?"

"எங்க வீட்டுல அப்படித்தான்க்கா போடுவோம். நைட்டிக் கம்பெனியில மிஞ்சுத வெட்டுத்துணிய அடைச்சுத் தச்ச மெத்தை. மாசம் ஒருக்கா தொட்டியில போட்டு மிதிச்சு, மாடிச் சுவர்ல தூக்கிப் போட்டுருவோம். அது கல்லு மாதிரி முங்கும். இதுதான் படகு மாதிரி…"

சொல்லச் சொல்லவே ஜெயசித்ராவின் முகத்தைப் பார்த்துப் பிரிஸ்கில்லாவின் சிரிப்பு வற்றியது.

அந்த மெத்தைக்குள் இருந்தது வெறும் பஞ்சு இல்லை. மாமனார் மலைச்சாமி தன் தோப்பில் நின்ற இலவமரத்துக் காய்களைத் தானே உடைத்து, கொட்டை நீக்கி, கல்யாணமான வருசம் மனைவிக்காக அடைத்த பஞ்சு. அவர் கண்ணை மூடியதும் அதன் மேல்தான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மாடியில் வெயில் காட்டி, கம்பால் தட்டி, மறுபடி விரிப்பது ஜெயசித்ராவின் வேலை. பெற்ற மகன்கள்கூட அதைத் தொட்டதில்லை.

வாசல் கேட் கிறீச்சிட்டது. கடைக்குப் போன மாமியார் வந்துவிட்டாள்!

ஜெயசித்ரா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள் என்றும் சொல்ல முடியாது, அவள் குணம் அப்படி. பிரிஸ்கில்லாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"உள்ள போயிச் சேலைய மாத்து. நான் கூப்பிடாம வெளிய வராத."

"ஏன்க்கா…?"

"போன்னா போட்டி! உன் புருசன் மேல ஆணை, வாயத் தொறக்கக் கூடாது!"

பிரிஸ்கில்லா ஓடி மறையவும், ஜெயசித்ரா தொட்டிக்குள் இறங்கவும், காய்கறிப் பையோடு இசக்கியம்மாள் கொல்லைக்கு வரவும் சரியாக இருந்தது. பை கையிலிருந்து நழுவியது. தக்காளி நாலு பக்கமும் உருண்டு ஓடியது.

"யாரு… யாருட்டி இதைத் தொட்டியில போட்டது?"

"நான்தான் அத்தை… அழுக்கா இருந்துச்சுன்னு…"

"அடிப்பாவி! உங்க மாமா உசுரு போன மெத்தைட்டி! அவிய கைபட்ட பஞ்சுட்டி! எம்பிள்ளைகளையே நான் தொட விடலையே… உன் ஒருத்திய நம்பித்தானே விட்டேன்! இப்படி என் தலையில தண்ணிய ஊத்திட்டியே…" இசக்கியம்மாள் துவைகல்லின் மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மாமனார் செத்த அன்றைக்குப் பிறகு அவள் அப்படி அழுது ஜெயசித்ரா பார்த்ததில்லை.

மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து, தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்த கணவன் காளிராஜ் மெத்தையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான்.

"போயும் போயும் அப்பா மெத்தையவா ஜெயா…" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு ஜெயா. புரட்டாசி முடியுத வரைக்கும் உன்னை நான் பாக்க வேண்டாம். பாத்தா அடிவயிறு எரியுது" என்றாள் இசக்கியம்மாள்.

ஜெயசித்ரா உள்ளே போய்ப் பையை எடுத்தாள். நாலு சேலையைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது பிரிஸ்கில்லா வந்து கதவோரம் நின்று தேம்பினாள்.

"நான் போயிச் சொல்லிருதேன்க்கா. என்னால தாங்க முடியலை…"

"கிறுக்கி! என்னை அனுப்பிச்சா பொறவு கூப்பிட்டுருவாக. உன்னை அனுப்பிச்சா கூப்பிட மாட்டாக. சதீசுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அழாதட்டி. மெத்தையப் பிரிச்சு, பஞ்சை மாடியில காயப்போடு. உள்ள இருக்கது நனைஞ்சிருக்காது, இலவம்பஞ்சு லேசுல தண்ணி குடிக்காது. மேல கொசுவலைய விரிச்சுக் கட்டு. இல்லன்னா பறந்து பக்கத்தூரு சேத்தூருக்குப் போயிரும்."

அப்போதும் அந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் படியிறங்கினாள்.

அண்ணன் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனால் அன்றைக்கு அந்த பஸ் போய்ச் சேரவே சேராது போலிருந்தது அவளுக்கு. ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பழியைத் தானாக வாங்கிக்கொண்டவள் தானாகத்தான் சுமக்க வேண்டும், அதில் அவளுக்கு மனக்குறை இல்லை. பொய் சொன்னதும் அவள்தான். ஆனால் அந்தப் பொய்யை அத்தனை சுலபமாக நம்பிவிட்டார்களே! பதினெட்டு வருசம் அந்த மெத்தையைப் பிள்ளை மாதிரி தூக்கி இறக்கியவள்… "நீயா செஞ்ச? இருக்காதே!" என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய் கேட்கவில்லையே!

அண்ணன் நவநீதகிருஷ்ணன் பால்கோவாக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருந்தான். தங்கச்சி பையோடு வந்து நின்றதைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் உள்ளே அழைத்துக்கொண்டான். ஜெயசித்ரா நேரே வேலையில் இறங்கினாள். பட்டறையில் உட்கார்ந்து அட்டை மடித்துக் கொடுத்தாள். மறுநாள் மதியம் மேற்கே மலைப்பக்கம் மேகம் கறுத்து நாலு தூறல் விழுந்ததும், மடித்துக்கொண்டிருந்த பெட்டியைப் போட்டுவிட்டு "ஐயோ, பஞ்சு!" என்று வாசலுக்குப் பாய்ந்தாள்.

"இங்க ஏது பஞ்சு? அட்டைதான் இருக்கு" என்று அண்ணன் மனைவி சிரித்தாள். சிரித்தவள், நாத்தனார் கண்ணில் தண்ணீரைக் கண்டதும் அவளை உள்ளே அழைத்துப் போனாள்.

அடுத்த நாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை. ஊரை ஒட்டிய திருவண்ணாமலை என்கிற குன்றின் மேல் இருக்கும் பெருமாளைப் பார்க்க ஊர் முழுக்க ஜனம். அந்தக் கூட்டத்துக்குள் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஒரு லோடு ஆட்டோ வந்து வாசலில் நின்றது. பின்னால் இரண்டு சாக்கு மூட்டை. ஒரு மூட்டையின் மேல் ராணி மாதிரி இசக்கியம்மாள். இன்னொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிரிஸ்கில்லா.

"ஏட்டி ஜெயா! வெளிய வாட்டி!"

ஜெயசித்ரா வாசலுக்கு வந்தாள். பிரிஸ்கில்லா குதித்து இறங்கி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"சொல்லிட்டேன்க்கா… ஆணைய மீறிட்டேன்… ஜெபம் பண்ணிக்கிட்டேன், அவுகளுக்கு ஒன்னும் ஆகாது!"

"அவ என்னத்தச் சொன்னா? நான் கேட்ட பொறவுதான் சொன்னா" என்று மூச்சு வாங்கியபடி இசக்கியம்மாள் வாசல்படியில் உட்கார்ந்தாள். "நேத்து மத்தியானம் தூறல் விழுந்துச்சா… பஞ்சு மாடியில கெடக்கு. நான் பாட்டுக்கு 'ஜெயா, பஞ்சு நனையுதுட்டி!'ன்னு கத்துதேன். ஒருத்தரும் ஓடி வரலை. பழக்கதோசத்துல கத்திப்புட்டேன். கத்தினதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. மேகம் கறுக்குமுன்ன ஓடிப் போயி மெத்தைய எடுக்கவ… ஒரு சொட்டு பட்டாலும் பதறுதவ… அவளா தொட்டியில தூக்கிப் போட்டிருப்பான்னு வாய்விட்டே கேட்டுட்டேன்."

அவள் பிரிஸ்கில்லாவைக் கைகாட்டினாள்.

"திரும்பிப் பாக்கேன், இந்தக் கழுதை என் காலைக் கட்டிக்கிட்டுக் கெடக்கா. அடிக்கத்தான் கையை ஓங்கினேன். 'அது மிதந்துச்சு அத்தை, அதான் ஏறி மிதிச்சேன்'னு ஏங்கி ஏங்கிச் சொல்லுதா. உங்க மாமா உசுரோட இருந்து அதைப் பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாக. நெனச்சேன், எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. பொறவு எங்க அடிக்க?"

"அத்தை இப்ப நான் ஊர்லருந்து கொண்டாந்த வெட்டுத்துணி மெத்தையிலதான்க்கா படுக்காக!" என்றாள் பிரிஸ்கில்லா.

"முதுகுக்கு இதமாத்தான் இருக்கு. அதுக்கென்ன இப்ப!" என்று அதட்டினாள் மாமியார். அந்த அதட்டலிலேயே சின்ன மருமகள் இனி தளவாய்புரம் போகப் போவதில்லை என்பது தெரிந்துவிட்டது. ஜெயசித்ராவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆனால் இன்னொன்று இறங்கவில்லை. இத்தனை நாள் அடக்கிய வாய் அன்றைக்கு அடங்க மறுத்தது.

"அத்தை… நான் சொன்னது பொய்தான். ஆனா, நீங்க யாராவது ஒருத்தர் 'நீயா செஞ்ச?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நான் எப்பேர்ப்பட்டவன்னு உங்களுக்குத் தெரியாதா? கட்டிக்கிட்ட அவியளுக்குமா தெரியாது…?"

வாசலில் ஒரு பைக் நின்றிருந்தது. லோடு ஆட்டோவுக்குப் பின்னாலேயே வந்து, உள்ளே வர முகமில்லாமல் தெருவிலேயே நின்றுகொண்டிருந்த காளிராஜ் தலைகுனிந்தபடி படியேறினான்.

"கேட்டிருக்கணும் ஜெயா. நான்தான் மொதல்ல கேட்டிருக்கணும்" என்றான். மச்சான் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை. மில் சூப்பர்வைசரான அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அந்தத் தெருவே பார்த்தது.

இசக்கியம்மாள் எழுந்து மருமகளின் இரண்டு கையையும் பிடித்தாள்.

"பொய்யே சொல்லத் தெரியாதவ மொத மொதல்ல ஒரு பொய் சொல்லுதா, அதை நம்பித் தொலைச்சேன் பாரு… தப்பு என் மேலதான்ட்டி. பஞ்சு நனைஞ்சா காஞ்சிரும். உன் மனசை நனைச்சுட்டேனே தாயீ…"

அவ்வளவுதான். ஜெயசித்ரா அந்தத் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். மாமியாரும் அழுதாள். காரணமே தேவையில்லாமல் பிரிஸ்கில்லா எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். மலைக்குப் போய்வந்த ஜனமெல்லாம் நின்று பார்த்துவிட்டு, நல்ல சேதிதான் என்று தெரிந்துகொண்டு நகர்ந்தது.

சாக்கில் இருந்தது காய்ந்த பஞ்சு. பாதி கட்டிதட்டிப் போயிருந்தாலும் மீதி பூவாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே கொடுத்து மூன்று தலையணையாக அடைத்துக்கொண்டு போகலாம் என்று வந்திருந்தாள் இசக்கியம்மாள். "நான் ஒருத்தி கட்டிக்கிட்டுக் கெடந்தது போதும். எனக்கு ஒன்னு, உனக்கு ஒன்னு, இந்த மிதிகாரிக்கு ஒன்னு" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெயசித்ரா வழக்கம்போல அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"எங்கட்டி போற?"

"உங்களுக்குக் காப்பி…"

"உக்காரு. இன்னிக்கு நான் போடுதேன்."

வீடே திகைத்துப்போனது. அண்ணன் மனைவி பதறிக்கொண்டு பின்னால் போனாள். உள்ளே பாத்திரம் உருண்டது, பால் பொங்கி வழிந்த வாடை வந்தது. செத்த நேரம் கழித்து, வேர்த்து வழிய, டம்ளரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள் இசக்கியம்மாள்.

"குடிச்சுப் பாத்துச் சொல்லு. ஆனா ஒன்னு… இனிமே எங்கிட்ட யாருக்காகவும் பொய் சொல்லக் கூடாது. இது என் மேல ஆணை."

ஜெயசித்ரா ஒரு வாய் குடித்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் கணவனைப் பார்த்தாள், பிரிஸ்கில்லாவைப் பார்த்தாள், கடைசியில் மாமியாரைப் பார்த்தாள்.

"கழனித்தண்ணி மாதிரி இருக்கு அத்தை" என்றாள்.

காளிராஜுக்கு முகம் வெளுத்தது. இசக்கியம்மாள் டம்ளரை வாங்கி, தானும் ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஆமாட்டி… ஆமா! நெசந்தான் சொல்லுத!"