ஆளுக்கொரு முகப்பு

பல்விழித் திரையின் முன்னால் தாரணியும் பிரகதீஷும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, 'தெளிவு வடிவகம்' என்ற நிறுவனத்தின் முகப்பைப் பத்து நிமிடம் பார்த்தார்கள். தங்கள் ஆலைக்கு இணைய முகப்பு செய்து தர ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் இந்தத் தேடல்.

"இவங்களே போதுங்க அண்ணி," என்றான் பிரகதீஷ்.

"நானும் அதேதான் நெனச்சேன் தம்பி," என்றாள் தாரணி.

அன்று மத்தியானமே ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது. எதைப் பார்த்து அப்படி நினைத்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரே திரையை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தவர்கள் அதையெல்லாமா கேட்பார்கள்?

பல்விழித் திரை முதலில் பேருந்துகளுக்காக வந்தது. ஒரே திரை, ஆனால் ஒவ்வொரு ஜோடிக் கண்ணுக்கும் தனித்தனி ஒளியையும், காதுக்குத் தனித்தனி ஒலியையும் அனுப்பும். ஜன்னலோரம் இருப்பவர் பக்திப் படம் பார்ப்பார். பக்கத்து இருக்கைக்காரர் அதே திரையில் கிரிக்கெட் பார்ப்பார். சண்டை இல்லை. பிறகு அது வியாபாரிகள் கைக்கு வந்தது, கைபேசிகளுக்குள்ளும் புகுந்தது. இப்போது எந்தக் கடையின் முகப்பும் பார்ப்பவரின் கருவிழியை அடையாளம் கண்டு, அவர் இதுவரை எதை நம்பினார், எதற்கு மயங்கினார் என்று பார்த்து, அதற்கேற்பத் தன்னை அடுக்கிக்கொள்ளும். ஏற்புமுகப்பு என்று அதற்குப் பெயர். நிறம் மாறும், மொழி மாறும், பேசுகிறவர் நமக்குப் பிடித்த உறவுக்காரர் ஜாடையில் தெரிவார் என்பதெல்லாம் ஊரறிந்த விஷயம். சொல்லப்படும் செய்தியே மாறுமா என்று மட்டும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிப்பதற்கு அடுத்தவன் கண் வேண்டுமே!

திருப்பூரில் அவர்கள் ஆலை தயாரித்தது குளிர்ச்சட்டை. வெயில் நாற்பத்தேழைத் தொடும் காலத்தில் தார்ச்சாலை போடுகிறவர்களுக்கும் கட்டட வேலைக்காரர்களுக்கும் அது உயிர்ச்சட்டை. அதிலுள்ள குளிர்நூல் உடம்புச் சூட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மூன்று மணி நேரத்தில் நூல் நிரம்பிவிடும். அப்போது கழற்றித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால், உறிஞ்சிய சூட்டையெல்லாம் உடம்புக்கே திருப்பிக் கொடுக்கும். நூலைக் கண்டுபிடித்தவள் தாரணி; அவள் வேதியியல் படித்தவள். விற்பனை, அவள் கணவரின் தம்பி பிரகதீஷின் பொறுப்பு.

தெளிவு வடிவகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஹமீது என்பவர் நேரிலேயே வந்திருந்தார். எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியும் பழைய ஒற்றைமுகப்பு செய்து தருகிறவர். நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "உங்க சட்டையில என்ன குறைன்னு மொதல்ல சொல்லுங்க. அதைத்தான் தலைப்புல போடணும்," என்றார்.

அவர் போனதும் பிரகதீஷ் சிரித்தான். "கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இருக்குன்னு யாராச்சும் அச்சடிப்பாங்களா அண்ணி?"

தாரணியும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் எத்தனையோ நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

புது முகப்பு வந்த இரண்டு மாதத்தில் நாற்பதாயிரம் சட்டைகள் போயின. மூன்றாம் மாதம் பல்லடம் சாலையில் தார் ஊற்றிக்கொண்டிருந்த கோகுல் என்ற முப்பத்தொரு வயதுக்காரன் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தான். காலை எட்டு மணிக்குப் போட்ட சட்டையைப் பிற்பகல் இரண்டு வரை அவன் கழற்றவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி முகப்பைத் திறந்து பார்த்தார். முதல் வரியிலேயே எச்சரிக்கை இருப்பதாக எழுதிக்கொண்டு கோப்பை மூடினார். தாரணியும் பார்த்தாள். சிவப்பு எழுத்தில் இருந்தது: மூன்று மணி நேரத்துக்கு மேல் அணியாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

ஆனாலும் மனசு கேட்காமல் கோகுலின் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி மோனிஷா அழுது ஓய்ந்திருந்தாள். கோபம் மட்டும் ஓயவில்லை.

"முதல் வரியிலயே போட்டிருந்தோமே அம்மா. அவர் பார்க்கலையா?" என்று தாரணி மெல்லக் கேட்டாள்.

"ஏனுங்க, நாங்க என்ன படிக்கத் தெரியாதவங்களா?" மோனிஷா கைபேசியைத் திறந்து இருவருக்கும் நடுவில் பிடித்தாள். "பாருங்க. என்ன போட்டிருக்குதுன்னு நீங்களே பாருங்க."

தாரணி பார்த்தாள். சிவப்பு வரி இருந்தது. "இதோ இருக்கே!"

"எங்கீங்க இருக்குது? செத்தவரு மேல பழி போட வந்தீங்களா?"

இரண்டு பெண்களும் ஒரே கைபேசியைப் பார்த்தபடி ஒருத்தியை ஒருத்தி பொய்க்காரி என்று நினைத்தார்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று சொல்லி வைத்த காலத்தில்கூட, இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் ஒன்றைத்தான் பார்த்தார்கள்.

"அம்மா, கோவிச்சுக்காம அந்த வரியை வாய்விட்டுப் படிங்க," என்றாள் தாரணி.

மோனிஷா விரல் வைத்துப் படித்தாள். "காத்தால போட்டாப் பொழுது சாஞ்சு கழட்டினாப் போதும். வேலை நடுவுல நிறுத்த வேண்டியதில்லை. கூலி கொறையாது."

அவள் விரல் வைத்திருந்தது சிவப்பு வரியின் மேல். நடுவில் நிறுத்தினால் அரைநாள் கூலி பிடிக்கப்படும் என்பதுதான் கோகுலுக்கும் மோனிஷாவுக்கும் இருந்த ஒரே பயம். முகப்பு அதைத் தெரிந்துகொண்டு அதற்குத்தான் பதில் சொல்லியிருந்தது.

ஆலைக்கு ஓடி வந்து பிரகதீஷையும் படிக்கச் சொன்னாள். அவன் கண்ணுக்கு அந்த இடத்தில் விற்பனைப் பாராட்டு ஒன்று இருந்தது. பிறகு இருவரும் முதல் நாள் தெளிவு வடிவகத்தின் முகப்பில் பார்த்ததைச் சொல்லிக்கொண்டார்கள். 'உங்கள் பொருளின் எல்லையை மறைக்க மாட்டோம்' என்று தாரணிக்குச் சொன்ன அதே முகப்பு, 'வாங்க வந்தவரைத் தயங்க விட மாட்டோம்' என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறது.

"எனக்கு இது தெரியாதுங்க அண்ணி, சத்தியமா தெரியாது," என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். தாரணி அவனைத் திட்டவில்லை. திட்டும் தகுதி தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

தெளிவு வடிவகத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது பேசிய ரோஷினி என்ற பெண் பதறவே இல்லை. "மேடம், முகப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒருத்தர் எதை ஏத்துக்குவாரோ அதைச் சொல்லும். அவ்வளவுதான்."

"உடனே நிறுத்துங்க."

"ஒரு வருஷ ஒப்பந்தம் மேடம். அதோட, நிறுத்தினா வாங்கினவங்களுக்கு நீங்க எப்படித் தகவல் சொல்வீங்க? நீங்களே ஒரு எச்சரிக்கை பேசி அனுப்புங்க. இன்னிக்கே எல்லார் கைபேசிக்கும் போயிடும்."

அடுத்த வாரம் வெயில் நாற்பத்தொன்பதாகும் என்று வானிலை நிலையம் சொல்லியிருந்தது. நாற்பதாயிரம் சட்டைகள் நாற்பதாயிரம் உடம்புகளில் இருந்தன. வேறு வழி தெரியாமல் தாரணி ஒளிப்பதிவுக் கருவி முன் நின்றாள். "நான் தாரணி. இந்தச் சட்டையைச் செய்யறவ. மூணு மணி நேரத்துல கழட்டிடுங்க. கூலி போனாப் போகட்டும், உயிர் போயிட்டா வராது." பேசும்போதே அழுதுவிட்டாள். அந்த எச்சரிக்கை போன மறுநாள் சட்டை முன்பைவிட அதிகமாக விற்றது. பிரகதீஷ் தறிகளை நிறுத்தினான். ஆனால் போன சட்டைகள் போனவைதான்.

கடைசியில் காகிதத்தை நம்பினாள். காகிதம் எல்லாக் கண்ணுக்கும் ஒன்றையே காட்டும். ஒரு பழைய அச்சகத்தைத் தேடிப் பிடித்து ஐயாயிரம் துண்டுச்சீட்டு அடித்து, இருவரும் ஆளுக்கொரு திசையில் வேலைத்தளங்களுக்குக் கிளம்பினார்கள்.

வெயில் நாற்பத்தொன்பதைத் தொட்ட அன்று காலை தாரணி அவிநாசிப் பக்கம் ஒரு சாலை வேலையில் நின்றாள். சீட்டைப் படித்த இரண்டு பேர் சட்டையைக் கழற்றிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. லோகேஷ் என்ற இளைஞனும் சீட்டை வாங்கி, எழுத்து விடாமல் வாய்விட்டுப் படித்தான். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"பாவம், யாருக்கோ போட்டிருக்குதுங்க."

"உங்களுக்குத்தான் தம்பி."

"எனக்குன்னா என்ற போன்லதானுங்க வரும். இதுல என்ற பேரு இல்ல, ஒண்ணும் இல்ல. ஊருக்கே ஒரே மாதிரி அடிச்சிருக்குது."

அவன் குரலில் எகத்தாளம் இல்லை. விவரம் தெரியாதவளுக்கு எடுத்துச் சொல்கிற பொறுமைதான் இருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவனுக்கென்று எழுதப்பட்டதை மட்டுமே படித்து வளர்ந்தவன் அவன்.

"எத்தனை மணிக்குப் போட்டீங்க சட்டையை?"

"எட்டு மணிக்குங்க."

மணி பதினொன்று நாற்பது. அவ்வளவு வெயிலிலும் அவன் நெற்றியில் வியர்வை வற்றிப்போயிருந்தது. தாரணி அவன் சட்டைப் பொத்தானில் கை வைத்தாள். அவன் கையைத் தட்டிவிட்டான்.

"அட, என்னங்க நீங்க! அந்தத் தாரணி அம்மாளே எங்கிட்டப் பேசிட்டாங்க. இதப் பாருங்க."

கைபேசியை நீட்டினான். திரையில் தாரணி வீங்கிய கண்களோடு, கழட்டிடுங்க, கழட்டிடுங்க என்று அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன சொல்றாங்க? சொல்லுங்க தம்பி, அவங்க என்ன சொல்றாங்க?"

"காகிதத்துல வர்ற புரளிய நம்பாதீங்க, பொழுதுக்கும் போட்டிருக்கலாம், நானாச்சுன்னு சொல்றாங்க."

"தம்பி, நான்தான் தாரணி. நல்லாப் பாருங்க, நான்தான் அது."

அவன் திரையைப் பார்த்தான். வெயிலில் முகம் கறுத்து, தலை கலைந்து, எதிரே நின்றவளைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"நீங்க அவங்களாட்டம் இல்லீங்களே," என்றான் வருத்தத்தோடு. "அவங்க சிரிச்ச மொகமா, எங்க சின்னம்மாளாட்டம் இருக்கறாங்க."

கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு தார் வண்டிப் பக்கம் நடந்தான். சத்தம் கேட்டு, மரத்தடியில் இருந்த இருவரும் தங்கள் கைபேசிகளை எடுத்துப் பார்த்தார்கள். சற்று நேரம் காதில் வைத்துக் கேட்டார்கள். பிறகு எழுந்து, கழற்றிப் போட்டிருந்த சட்டைகளை உதறி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அன்று காலை முழுவதும் தாரணி பேச்சைக் கேட்டவர்கள் அவர்கள் இருவர்தான்.