பகலில் கண்ணடித்த வேன்

மீட்டரம்மாவின் பட்டறைக்கு அந்தப் பெண் வந்தபோது மணி பன்னிரண்டரை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருபவர். நீலச் சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருந்தார்.

"அம்மா, எங்க வேன் நின்ன இடத்துலயே செத்துப் போகுது. வண்டி போனாக்கூடப் பரவாயில்ல, என் தம்பியும் போயிடுவான் போலிருக்கு."



மீட்டரம்மா வண்டிகளின் மின்சாரக் கோளாறுகளைப் பார்ப்பவர். மீட்டரை வைத்துப் பார்க்காமல் எந்த வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசமாட்டார். அதனால் வந்த பெயர் அது. அவருடைய கணவர் நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் கோளாறு என்று சொல்வதை அவர் குற்றம் என்றுதான் சொல்வார். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு நோட்டைத் திறந்தார்.

"உக்காரும்மா. யார் மேல சந்தேகம்னு முதல்ல சொல்லு."

"அதாங்க சங்கடமே. என் வீட்டுக்காரரு என் தம்பிய சந்தேகப்படுறாரு. அவன் இவர சந்தேகப்படுறான். நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்."

வேன் கணவருடையது. ஓட்டுவது தம்பி. சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகும் நோயாளிகளைச் சக்கர நாற்காலியோடு ஏற்றி, ஆஸ்பத்திரியில் விட்டு, திரும்ப அழைத்து வரும் வேலை. காலை நடை முடிந்து பதினோரு மணிக்கு வேன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கும். மூன்று மணிக்கு மறுபடி கிளம்ப வேண்டும். பத்து நாளில் நான்கு முறை, மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒரு சத்தத்தோடு சரி. கடைசி முறை ஒரு வயதான வாத்தியார், சிகிச்சை முடிந்த களைப்போடு ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்.

"ராத்திரி நிக்கும்போது?" என்று கேட்டார் மீட்டரம்மா.

"ஒண்ணும் ஆகாது. காலையில ஒரே முறுக்குல கிளம்பிடும். பேட்டரி வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது."

"கதவு, விளக்கு?"

"கதவு பூட்டினபடியே இருக்கும். விளக்கும் எரியாது. ஆனா இவரு, 'உன் தம்பி உள்ள உக்காந்து ஏசி போட்டுத் தூங்குறான்'னு ஒரே பிடியா நிக்கிறாரு. அவன் வேற வேலை தேடிப் போறேன்னு பெட்டி கட்டிட்டான்."

"அந்த நாலு நாளும் உன் வீட்டுக்காரர் எங்க இருந்தார்?"

"வீட்டுலதான். தண்ணி பம்ப் ஹவுஸ்ல ஷிப்ட் வேலை. பகல்ல வீட்டுல இருக்கிற அன்னிக்குப் பாப்பாவ அவரே பாத்துப்பாரு. மத்த நாள் காப்பகத்துல விடுவேன். இன்னிக்கும் அவர்கிட்டதான் விட்டிருக்கேன்."

தட்டச்சர் பேனாவால் நோட்டைத் தட்டினார். "முடிஞ்சுது கேஸ்! மச்சானை விரட்ட மாப்பிள்ளை போட்ட திட்டம்."

"எழுதுங்க, ஆனா அடிக்கோடு போடாதீங்க," என்று சொல்லிவிட்டு மீட்டரம்மா கருவிப் பையை எடுத்தார்.

மூவரும் போய்ச் சேர்ந்தபோது வேன் ஒரு குறுகலான தெருவில், மாடி ஜன்னலுக்கு நேர் கீழே நின்றது. எதிரே முடிதிருத்தும் கடை. அதன் பெஞ்சில் பெட்டியை மடியில் வைத்தபடி தம்பி உட்கார்ந்திருந்தான்.

"சத்தியமா சொல்றேன், நான் மதியம் பூரா இந்தக் கடையிலதான் பேப்பர் படிச்சிட்டிருப்பேன். அத்தானுக்கு என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லலாமே."

கத்தரிக்கோலை நிறுத்திய முடிதிருத்துபவர், "தம்பி இங்கதான் இருக்கும். ஆனா ஒண்ணு, அந்த வேன் கண்ணடிக்குதும்மா," என்றார்.

"கண்ணடிக்குதா?"

"என் கண்ணாடியில நல்லாத் தெரியும். ரெண்டு தடவை மினுக்கும். அரை நிமிஷம் கழிச்சு ஒரு தடவை. சில நேரம் விடாம மினுக்கும். பக்கத்துல ஈ காக்கா இருக்காது."

தட்டச்சர் பரவசத்தோடு புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

அதற்குள் அந்தப் பெண்ணின் கணவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். ஏழு மாதப் பெண் குழந்தை. கழுத்துத் துணி நனைந்திருந்தது, தாடை சிவந்திருந்தது. யாரைப் பார்த்தாலும் சிணுங்கியது.

"பத்து நாளா இப்படித்தாங்க. எதுக்கெடுத்தாலும் அழுகை," என்றார் அவர். மீட்டரம்மா அவருடைய சாவியைக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து எடுத்து, சட்டை நுனியில் ஒருமுறை துடைத்துவிட்டு நீட்டினார். "இது உபரி சாவி. இதை வெச்சு நான் வண்டியத் தொட்டதே இல்ல."

மீட்டரம்மா அந்த ரிமோட் சாவியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"வெச்சுக்கோங்க. பாப்பாவோட மேல போய் எப்பவும் போல இருங்க."

பிறகு பானட்டைத் திறந்து, பேட்டரிக் கம்பியைச் சுற்றி மீட்டரின் கொக்கியை மாட்டினார். பானட் மூடியிருப்பதாக வண்டி நினைப்பதற்காக அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திவிட்டு, தம்பியின் சாவியால் கதவுகளைப் பூட்டினார். மீட்டரில் ஏழு ஆம்பியர் காட்டியது.

"பூட்டின வண்டிக்கு எதுக்கு இவ்வளவு கரண்ட்?" என்றார் தட்டச்சர்.

"டாஷ்போர்டுக்குப் பின்னால ஒரு பெட்டி இருக்குங்க. பாடி கன்ட்ரோல் மாட்யூல்னு பேரு. விளக்கு, கதவுப் பூட்டு, ஜன்னல், வைப்பர் எல்லாம் அது சொல்றபடிதான் நடக்கும். யாருக்குக் கரண்ட் கொடுக்கணும், யாருக்கு நிறுத்தணும்னு அதுதான் முடிவு பண்ணும். மத்த பெட்டிகளோட ரெண்டு கம்பி வழியாப் பேசிக்கிட்டே இருக்கும். கூட்டுக் குடும்பத்துல மூத்த மருமகள் மாதிரி வெச்சுக்கோங்க."

"அந்த மருமகள் இப்ப என்ன பண்றா?"

"கதவெல்லாம் பூட்டியாச்சான்னு பாக்குறா. அப்புறம் ஒவ்வொருத்தரையாத் தூங்கச் சொல்லி, கரண்ட்ட நிறுத்திட்டு, கடைசியாத் தானும் படுப்பா. பத்து நிமிஷம் ஆகும்."

பத்தாவது நிமிடம் எண்கள் மளமளவென்று இறங்கின. ஏழு, மூன்று, ஒன்று, கடைசியில் ஒன்றுமில்லை என்று சொல்லும் அளவுக்கு ஒரு துளி. தட்டச்சரின் முகம் வாடியது.

"கோளாறே இல்லையே!"

"வண்டியில இல்ல," என்றார் மீட்டரம்மா.

அப்போது மாடியில் குழந்தை வீறிட்டு அழுதது. ஒரு நிமிடம் அழுதது. சட்டென்று நின்றது. அடுத்த கணம் வேன் இரண்டு முறை கண்ணடித்தது. மீட்டர் ஏழுக்குத் தாவியது. அரை நிமிடத்தில் பூட்டுகள் 'டக்' என்று தாமாகவே விழ, ஒருமுறை கண்ணடித்தது. பிறகு மறுபடி இரண்டு முறை.

"திருடன்! எங்கயோ ஒளிஞ்சிருக்கான்!" என்று தட்டச்சர் வேனுக்கு அடியில் குனிந்தார்.

"அங்க இல்லைங்க, மேல வாங்க. எல்லாரும் வாங்க," என்று மீட்டரம்மா படியேறினார்.

கூடத்தில், ஜன்னலோர நாற்காலியில் கணவர் இருந்தார். அவர் மடியில் குழந்தை. அதன் வாயில் சாவி.

மீட்டரம்மா முதலில் சாவியை மெல்ல வாங்கிக்கொண்டார். "இதுக்குள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கு. முழுங்கினா ஆபத்து. இனிமே இது பாப்பா கைக்கு எட்டவே கூடாது." பிறகு கணவரைப் பார்த்தார். "அழுதா இதத்தான் கொடுப்பீங்களா?"

"இதைக் கொடுத்தா உடனே வாயை மூடிக்கும்..." என்று ஆரம்பித்த கணவர் பாதியில் தானே வாயை மூடிக்கொண்டார்.

"யோசிச்சுப் பாருங்க. ராத்திரி முழுக்க நின்னா தீராத பேட்டரி, பகல்ல நாலு மணி நேரத்துல தீருது. அப்ப வண்டிக்குள்ள கசிவு இல்ல, வெளிய இருந்து யாரோ எழுப்புறாங்க. திறக்குற பட்டனை அமுக்கினா ரெண்டு மினுக்கல். யாரும் கதவைத் திறக்கலைன்னா அரை நிமிஷத்துல அந்த மாட்யூலே திரும்பப் பூட்டிடும், அதுக்கு ஒரு மினுக்கல். அதனாலதான் எப்பப் பாத்தாலும் பூட்டியே இருந்துச்சு. எல்லாரும் தூங்கினாலும் ரிமோட்டுக்குன்னு ஒரு காது மட்டும் முழிச்சிருக்கும். ஒரு தடவை அமுக்கினா மொத்த வீடும் எழுந்துக்கும், திரும்பத் தூங்கப் பத்து நிமிஷம். பாப்பா மணிக்கணக்கா மென்னா வண்டி எங்க தூங்கறது? சக்கர நாற்காலி ஏத்துற லிஃப்ட்டு வேற காலையிலயே பாதி பேட்டரியக் குடிச்சிருக்கும்."

"சாவி மேல எப்பச் சந்தேகம் வந்துச்சு?" என்றார் தட்டச்சர், எழுதியபடியே.

"வண்டிக்கே எடுக்காத சாவிய எதுக்குத் துடைச்சுக் கொடுக்கணும்? அது ஈரமா இருந்துச்சு. இங்க பாருங்க, பட்டன் ரப்பர்ல ரெண்டு சின்னப் பள்ளம். பல் பட்ட தடம்."

"இருக்காதும்மா," என்றார் குழந்தையின் அம்மா. "பாப்பாவுக்கு இன்னும் பல்லே முளைக்கலையே!"

மீட்டரம்மா சிரித்தார். "கையக் கழுவிட்டுத் தொட்டுப் பாரு."

அவர் ஓடிப்போய்க் கை கழுவி வந்து, குழந்தையின் கீழ் ஈறில் விரலை வைத்தார். கண்கள் விரிந்தன.

"ஐயோ! ரெண்டு இருக்கு! அரிசி முனை மாதிரி ரெண்டு!" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவருக்கு. "நாள் பூரா ஊர்ப் பல்லுக்கெல்லாம் டோக்கன் போடுறேன், என் பொண்ணு பல்லு எனக்குத் தெரியல!"

கணவர் எழுந்து நின்றார். மச்சானின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"என்னை மன்னிச்சுடுப்பா. வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிட்டேன்."

தம்பி பெட்டியைக் கீழே வைத்தான். தர்மசங்கடத்தில் என்ன செய்வதென்று தெரியாத கணவர், கையைக் கழுவிவிட்டு வந்து தானும் அந்தப் பற்களைத் தொட்டுப் பார்க்க விரலை நீட்டினார். குழந்தை அழுத்திக் கடித்தது.

"ஆ!" என்று அவர் துள்ளிய துள்ளலில் தம்பி வெடித்துச் சிரித்தான். பத்து நாள் கழித்து வந்த சிரிப்பு. "நல்லாக் கடி செல்லம், மாமா சார்பா இன்னொண்ணு கடி!" என்று அக்காள் மகளை அவன் அள்ளிக்கொள்ள, வாசல்வரை வந்து நின்ற முடிதிருத்துபவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

மீட்டரம்மா பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் ஏற்றிக் கொடுத்தார். மூன்று மணிக்கு வேன் கிளம்பியபோது முன் இருக்கையில் அத்தானும் ஏறிக்கொண்டார். வாத்தியாரிடம் தானே நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். தெருமுனையில் தெரிந்தவர் ஒருவர் கையசைத்ததும் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"பாப்பாவுக்குப் பல்லு முளைச்சிருக்குங்க! ரெண்டு!"