மூன்று முறை கூப்பிட்டேன்

திங்கட்கிழமை காலை நெவில் சங்கிலி ரம்பத்தை முடுக்கி, வழக்கம்போல பிரேக்காக வேலை செய்யும் முன்காப்பை மணிக்கட்டால் தள்ளிப் பார்த்தான். சங்கிலி நிற்கவில்லை. அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினால், பிரேக்கின் சுருள்வில்லைக் காணோம். உடைந்திருந்தால் ஒரு துண்டாவது கிடந்திருக்கும். யாரோ மரத்தூளைத் துடைத்து, அதை மட்டும் பக்குவமாக எடுத்துக்கொண்டு, மூடியைத் திரும்பத் திருகியிருந்தார்கள்.

டாஸ்மேனியாவின் தென்கோடிக் காடுகளில் மரம் வெட்டுகிறவன் பல்துலக்கும் பிரஷ்ஷைக்கூடக் கேட்டால் கொடுத்துவிடுவான், தன் ரம்பத்தைத் தொடவிடமாட்டான். தொடுவதற்கு அந்த மலையில் ஆளும் கிடையாது. அவனும் அவன் மனைவியின் அண்ணன் ரசலும்தான்.

"என்ன மாப்ள, இன்னும் ரம்பத்தக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கற?" மேலேயிருந்து ரசலின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல மச்சான். தூசி அடைச்சிருக்கு."

ஏன் பொய் சொன்னோம் என்று அவனுக்கே நன்றாகத் தெரியும். 'என் ரம்பத்தில் கை வைத்தாயா' என்று கேட்டால், 'நான் ஏன் வைக்கப்போகிறேன்' என்று ரசல் திருப்பிக் கேட்பான். அந்தக் கேள்விக்கு நெவிலிடம் இருந்த பதில் இரண்டு வருடம் பழையது.

ரசலுக்கும் நெவிலின் மனைவி ஐரீனுக்கும் கோலின் என்று ஒரு தம்பி இருந்தான். மரத்தின் கடைசி வெட்டைப் போடுவதற்கு முன் சுற்றிலும் பார்க்கவேண்டும், மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும், மற்றவன் கை தூக்கியதைக் கண்ணால் கண்ட பிறகே வெட்டவேண்டும். கோலினோடு வெட்டிய அந்த நாளில், மழை வருகிற அவசரத்தில் நெவில் கூப்பிடவே இல்லை. மரம் கோலின்மேல் விழுந்தது. "மூன்று முறை கூப்பிட்டேன், கையும் தூக்கினான், பிறகு காதுமூடியோடு குறுக்கே வந்துவிட்டான்," என்று விசாரணையில் நெவில் சத்தியம் செய்து சொன்னான். செத்தவன் கவனக்குறைவால் செத்தான் என்று தாளில் எழுதி மூடிவிட்டார்கள்.

உண்மையை அவன் ஐரீனிடம் மட்டும்தான் சொன்னான். போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனசு தாங்காமல். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தாமலே கேட்டாள். "சரி, என்கிட்ட சொன்னதோட இருக்கட்டும்," என்றாள். அன்று நெவிலுக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படியொரு பெண்ணுக்குத் தான் தகுதியில்லை என்று நினைத்தான்.

அவள் சொல்லியிருக்கமாட்டாள். ரசல் தானாகவே மோப்பம் பிடித்திருப்பான்.

நெவில் புது வில் வாங்கிப் போட்டான். புதன்கிழமை முதல் மரத்தில் வைத்ததும் ரம்பம் மரத்தை வெறியோடு கவ்வி, துள்ளி, முகத்துக்கு நேராக எழும்பியது. புது வில் போட்ட பிரேக் பிடித்ததால் தாடை தப்பியது. சங்கிலியின் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால், அது எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தடுக்கும் சின்ன முட்டு ஒன்று உண்டு. அத்தனை முட்டையும் அரத்தால் தேய்த்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு. அரம் பிடித்துப் பழகிய கை அது. நெவில் வேறு சங்கிலியை மாட்டிக்கொண்டான்.

தேநீர் வேளையில் ரசல் குடுவையிலிருந்து ஊற்றி நீட்டினான். "கோப்பைய ரெண்டு கையால பிடிக்கறியே மாப்ள. குளிரா?"

"ஆமா மச்சான்."

"வயசாயிருச்சுடா உனக்கு."

இருவரும் சிரித்தார்கள். இருபது வருடமாகச் சிரிக்கிற அதே சிரிப்பு. நெவில் தேநீரை ஊதிக் குடித்தான். இந்த மனிதனா தன்னைக் கொல்லப் பார்க்கிறான்?

வியாழக்கிழமை மாலை ரம்பத்தை வண்டியிலேயே விடாமல் வீட்டுக்குள் எடுத்து வந்தான். பெட்ரோல் நாற்றத்துக்கு ஐரீன் மூக்கைச் சுளித்தாள். "இதை ஏன் உள்ள கொண்டாறீங்க?" நெவில் துணி துவைக்கும் அறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டினான். அந்த வாரத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை காலை பிரேக்கை மட்டும் தட்டிப் பார்த்தான். பிடித்தது. தன் வீட்டுக் கூரையின் கீழ் இருந்த ரம்பம்தானே என்று மற்றதைப் பார்க்காமல் விட்டுவிட்டான்.

மலையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. ஈரப் பாசி, அழுகிய பட்டை, இரண்டும் கலந்த வாடை. பத்து மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், கழுவித் துடைத்த பெட்டி, உள்ளே ஒன்றுமில்லை.

ரசல் எட்டிப் பார்த்தான். "மறந்திருப்பா. மத்தியானந்தானே, அப்ப பாத்துக்கலாம்."

அன்றைய முதல் மரம், பெரிய யூகலிப்டஸ். நெவில் முதலில் தான் தப்பி ஓடுவதற்கான ஓடுவழியைச் சுத்தம் செய்தான். மரம் சாயும் திசைக்குப் பின்புறமாக, சரிவாக, பதினைந்து தப்படி. ஒரு குச்சிகூட இல்லாமல் கொத்தி எடுத்தான். மரம் சாயவேண்டிய பக்கத்தில் முன்வெட்டைப் போட்டான். நிமிர்ந்து, அந்த நாளுக்குப் பிறகு ஒருபோதும் தவறவிடாத காரியத்தைச் செய்தான்.

"ரசல்! ரசல்! ரசல்!"

இரண்டு மர நீளத்துக்கு அப்பால், பனியில், ஒரு கை உயர்ந்தது.

காதுமூடியை இறக்கினான். உலகம் அடங்கியது. கையில் அதிர்வும் முகத்தில் தூளும் மட்டும் மிஞ்சின. நேர்க்கோட்டில் போகவேண்டிய வெட்டு ஒரு பக்கமாக வளைந்தது. நெம்பிப் பார்த்தான். இன்னும் வளைந்தது. மரத்தைத் திசை தவறாமல் பிடித்து நிறுத்துவதற்காக நடுவில் அறுக்காமல் விடும் கட்டை ஒரு முனையில் அறுந்துகொண்டிருந்தது.

ரம்பத்தை இழுத்தான். அணைத்தான். பார்த்தான்.

சங்கிலியின் இடப்பக்கப் பற்கள் நீளம். வலப்பக்கப் பற்கள் அரிசி அளவு குட்டை. எல்லாம் ஒரே அளவில் குட்டை. புதன்கிழமை பார்த்த அதே கை.

ஆணியில் தொங்கிய சாவி. ரசலோடு ஒரே பட்டறையில் அரம் பிடித்து வளர்ந்தவள் ஐரீன். கழுவித் துடைத்த பெட்டி. மதியச் சாப்பாடு தேவைப்படாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஐரீன், நீயுமா.

கால் வழியாக மரம் வெடிக்கும் அதிர்வு ஏறியது. நிமிர்ந்தான். மரம் முன்னால் போகவில்லை. அறுந்த முனையில் மெதுவாகத் திரும்பியது. அவன் பக்கம்.

ஓடத் திரும்பினான்.

ஓடுவழி இல்லை. பச்சைக் கிளைகள். குறுக்கே இடுப்பளவு கட்டைகள். மேலே இன்னும் கிளைகள். அவன் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் முதுகுக்குப் பின்னால், நிதானமாக அடுக்கியிருந்தார்கள்.

அதற்கு அப்பால் ரசல். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவன் வாய் திறந்து மூடியது. 'நெவில்.'

நெவில் காதுமூடியைப் பிடுங்கி எறிந்தான். மரம் கிழியும் ஓசை மட்டும் கேட்டது.

ரசலின் வாய் மறுபடி திறந்தது. 'நெவில்.' சத்தமே இல்லை.

நிழல் விழுந்தது.

மூன்றாம் முறை. 'நெவில்.' உதடு மட்டும்.

பிறகு ரசல் வாயை மூடிக்கொண்டான். முறைப்படி, நெவிலின் கையையே பார்த்துக்கொண்டு காத்து நின்றான்.

நெவிலின் கை தானாக மேலே எழுந்தது.