பின்தங்கி வந்தவர்

கடலிலிருந்து பனிமூட்டம் ஏறத் தொடங்கிய நேரத்தில் இன்சுக்கும் பொக்சுனும் அன்றைய நடையை முடித்துக்கொண்டு அந்தப் பழைய ஓட்டு வீட்டின் முன் வந்து நின்றார்கள். தென்கொரியாவின் நம்ஹே தீவைச் சுற்றி நடக்க வருகிறவர்களுக்கு ராத்தங்கலும் சாப்பாடும் கொடுக்கிற வீடு. சுவரோரம் பூண்டுச் சரங்கள் தொங்கின. ஜின்ஜு நகரத்தில் இன்சுக்கின் கீழ்வீட்டுக்காரியான பொக்சுன், முதுகுப்பையைத் தொப்பென்று இறக்கினாள்.

"அம்பது தாண்டின வயசுல இதெல்லாம் நமக்குத் தேவையா அக்கா? எனக்குத் தொடை ரெண்டும் கழண்டுபோச்சு."

வெளியே வந்த வீட்டுக்காரம்மா இவர்களைப் பார்க்கவில்லை. இவர்களைத் தாண்டி மேட்டுப் பாதையைப் பார்த்தாள்.

"அவரு எங்க?"

"யாரு?" என்றாள் பொக்சுன்.

"உங்ககூட வந்தவருதான். வயல்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் விறுவிறுன்னு வர்றீங்க. அந்த மனுசன் பாவம், இடது காலை இழுத்து இழுத்து எங்கயோ பின்னால வர்றாரு. கொஞ்சம் நின்னு கூட்டிக்கிட்டு வந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"வேற யாராவதா இருக்கும்மா. நாங்க ரெண்டு பேருதான்" என்று பொக்சுன் சிரித்தாள்.

இன்சுக் சிரிக்கவில்லை. குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு கைக்கு அகப்படவே இல்லை.

அவள் கணவர் சாங்தே பக்கவாதம் வந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தவர். இடது பக்கம் முழுக்கச் செயலற்றுப்போயிருந்தது. இன்சுக்குக்கும் சர்க்கரை ஏறியபோது டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "நடங்கம்மா. இல்லேன்னா அவர் பக்கத்துலயே உங்களுக்கும் ஒரு கட்டில் போடணும்."

ஆற்றங்கரையில் நடக்கத் தொடங்கினாள். முதலில் பக்கத்துப் பாலம் வரை. பிறகு அதற்கடுத்த பாலம். சர்க்கரை இறங்கியது, இடுப்பு இளைத்தது. வீட்டின் மருந்து வாடை எட்டாத தூரத்துக்குப் போக முடிந்ததாலேயே அந்த நடை இனித்தது. அவள் காலணி மாட்டும்போதெல்லாம் சாங்தே கோணிய வாயால், "நானும்..." என்பார்.

"நாளைக்கு, நாளைக்கு" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவாள்.

போன வருடம் செர்ரி மரங்கள் பூத்திருந்த ஒரு நாள், கரையில் நடந்துகொண்டிருந்தபோது பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அவர் பெயர். திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு இன்னொரு பாலம் நடந்தாள்.

வீடு திரும்பியபோது, வாசல் கதவை ஒட்டிக் காலணி கழற்றும் இடத்தில் குப்புறக் கிடந்தார். கட்டிலிலிருந்து அதுவரை ஊர்ந்து வந்திருக்கிறார். உணர்வற்ற இடது காலில் ஒரு காலணி பாதி மாட்டியிருந்தது.

உடம்பு குளிர்ந்திருந்தது.

அவள் அந்தக் காலணியைக் கழற்றினாள். அவரைக் கட்டிலுக்கு இழுத்துப் போய்க் கிடத்தி, போர்வையைக் கழுத்து வரை போர்த்திவிட்டு, அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று மகனிடம் சொன்னாள். "உன்னைப்போல புருசனைப் பாத்துக்க யாரால முடியும்?" என்று அக்கம்பக்கமே மெச்சியது. மெச்ச மெச்ச அவள் இன்னும் தூரமாக நடந்தாள்.

ஓட்டு வீட்டில் சாப்பாட்டுக்கு நெத்திலிக் குழம்பு. இன்சுக்குக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

"இருட்டப்போகுது. இன்னும் காணோமே" என்று வீட்டுக்காரம்மா முணுமுணுத்தாள்.

இன்சுக் எழுந்தாள்.

"எங்கக்கா?"

"இதோ வந்துடறேன்."

மேட்டுப் பாதையில் மூட்டம் அடர்ந்திருந்தது. கீழே கடல் இருந்ததற்கு இரைச்சல் மட்டுமே சாட்சி. பச்சைப் பூண்டின் வாடை. அதற்குள்ளிருந்து மெல்ல இன்னொரு வாடை பிரிந்து வந்தது. தினமும் அவர் முதுகில் அவள் தேய்த்த வலித் தைலத்தின் வாடை.

தப்.

சர்ர்ர்...

தப்.

சர்ர்ர்...

இன்சுக் திரும்பி ஓடினாள். சத்தமும் வேகமெடுத்தது. தடுக்கியது. மூச்சு இரைத்தது. அந்த இரைப்பு அவளுக்குத் தெரியும். கட்டிலில் புரண்டு படுக்கவே அப்படித்தான் இரைப்பார்.

அவரால் முடியாது. அவரால் இந்த வேகத்துக்கு வரவே முடியாது.

அவள் கால்கள் நின்றுவிட்டன.

"போன் அடிச்சுது" என்றாள் கிசுகிசுப்பாக, திரும்பாமலே. "பாத்தேன். பாத்துட்டுத்தான் எடுக்கல."

சத்தம் நின்றது.

வெகுநேரம் கடல் மட்டும் இரைந்தது.

தப். சர்ர்.

காதோரத்தில்.

அவளது இடது முழங்கையில் ஒரு கை ஊன்றியது. சட்டையைத் தாண்டி எலும்பு வரை குளிர்ந்தது. ஒரு முழு ஆளின் பாரம்.

"மெதுவா வாங்க" என்றாள். "நான் எங்கயும் போயிடல."

மறுநாள் மிச்சப் பாதை முழுவதையும் அந்தப் பாரத்தோடுதான் நடந்தாள்.

"என்னக்கா நத்தை மாதிரி ஊர்றே? முட்டி வலிக்குதா?"

"அவசரமில்ல. நீ முன்னால போ."

இடது தோள் கெஞ்சியது. ஆனாலும் அவள் கையை உதறவில்லை. பாதை முடிகிற பாறையில் நின்று, பொக்சுனுக்குக் கேட்காமல், "அவ்வளவுதான். இதுக்கு மேல பாதை இல்ல. நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றாள்.

பாரம் இறங்கியது.

இன்சுக் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நடையை முடித்த சந்தோஷம் என்று நினைத்துப் பொக்சுன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பஸ்ஸில் இருவரும் தூங்கிக்கொண்டே ஜின்ஜு வந்து சேர்ந்தார்கள்.

வெந்நீரில் குளித்துவிட்டுக் கொப்புளம் கட்டிய கால்களை நீட்டிப் படுத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. இனி நடையே வேண்டாம் என்று நினைத்தாள். ஒரு வருடத்தில் முதல் முறையாகக் கனவில்லாமல் தூங்கினாள்.

விடிகிற நேரத்தில் இடது முழங்கை குளிர்ந்தது.

விரல்கள் ஒவ்வொன்றாக இறுகின.

பிறகு, பொறுமையில்லாத குழந்தையைப்போல, அவளைக் கதவுப் பக்கமாக இழுக்கத் தொடங்கின.